பாஸ்போர்ட்டுக்கு முன்னால் பக்கத்துக் கட்டில்

அத்தியாயம் 7

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது கிருஷ்ணன்கோவில். வத்திராயிருப்புக்குப் பிரியும் சாலை, நாலைந்து டீக்கடை, மேற்கே மலைத்தொடர். 1984-இல் இங்கே ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கினார்கள். இன்று அது கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அட்மிஷன் நாட்களில் பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். பெட்டி படுக்கையோடு இறங்கும் குடும்பங்களில் கணிசமானவை தெலுங்கில் பேசிக்கொண்டு வரும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு உலகத்தோடு பழகக் கற்றுக்கொள்வது எப்படி என்று கேட்டால், மாணவர்கள் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்ச் புரோகிராம் பற்றித்தான் பேசுகிறார்கள். அது யாருக்குக் கிடைக்கும்? மதிப்பெண்ணும் பணமும் நேரமும் ஒத்துவருகிற ஒரு சிலருக்கு. மற்றவர்கள் நான்கு வருடமும் தங்கள் ஊர்க்காரர்களோடு மட்டும் சாப்பிட்டு, தங்கள் ஊர்க்காரர்களோடு மட்டும் புராஜெக்ட் செய்து, பட்டம் வாங்கிக்கொண்டு பெங்களூருக்கோ துபாய்க்கோ போய் அங்கே திணறுகிறார்கள். எக்ஸ்சேஞ்சில் போய் வந்தவர்களிலும் சிலர் அங்கே தமிழ் அறை நண்பர்களைத் தேடிப் பிடித்து, குக்கரில் சாதம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பி வருகிறார்கள். விமானம் ஏறினால் மட்டும் இந்தத் திறமை வந்துவிடாது.

எந்தத் திறமை? உங்களைப் போல வளராத, உங்களைப் போலப் பேசாத ஒருவரோடு சேர்ந்து ஒரு வேலையை முடிப்பது. முடித்த பிறகும் இருவருக்கும் மறுபடி சேர்ந்து வேலை செய்ய மனம் இருப்பது. கொரியன் சீரியல் பார்ப்பது, பர்கர் சாப்பிடுவது எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. 15 வயது மாணவர்களுக்குப் பல நாடுகளில் நடக்கும் பீசா தேர்வு 2018-இல் இதையும் ஒரு பாடமாக எடுத்துச் சோதித்தது. தகவல் தெரிந்தால் மட்டும் போதாது, மனப்பான்மையும் நடவடிக்கையும் சேர்ந்தால்தான் திறன் என்பது அவர்கள் வகுத்த அளவுகோல். அந்த அளவுகோலை விடுதி அறையிலேயே வைத்துப் பார்க்கலாம்.

பக்கத்துக் கட்டில்

உங்கள் அறையில் குண்டூர்க்காரரோ கடப்பாக்காரரோ இருந்தால் அதை அதிர்ஷ்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். வார்டனிடம் போய் அறை மாற்றிக் கேட்காதீர்கள்.

முதலில் வாயைக் கழுவ வேண்டும். தெலுங்கர்களைக் குறிக்கும் "கொல்ட்டி" என்ற சொல்லை நம் பையன்கள் சர்வசாதாரணமாகப் புழங்குகிறார்கள். அவர்கள் பக்கத்தில் நம்மை "அரவம்" என்று சொல்வதும் உண்டு. இரு தரப்பும் "சும்மா வேடிக்கைக்கு" என்றுதான் சொல்லும். இளிச்சவாயன் யார் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து இருந்தால்தான் அது வேடிக்கை. தன்னைத்தானே கிண்டலடிக்கும் உரிமை அவருடையது. அதை அவர் தொடங்கும்வரை நீங்கள் தொடங்காதீர்கள். வடமாநிலத்தவரை "வடக்கன்" என்பதும், ஆப்பிரிக்க மாணவர் நடந்துபோனால் செல்போனைத் தூக்கிப் படம் எடுப்பதும் இதே ரகம்தான். தலைமுடியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்காமல் தொடுவது அதைவிட மோசம்.

தெலுங்கு பேசுகிறவர்களிடம் மட்டும்தான் இந்தக் கவனம் வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தென்மாவட்டத்தில் ஊர் கேட்டு, தெரு கேட்டு, குலசாமி கேட்டு ஆளை அளந்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. "நீங்க என்ன ஆளுக?" என்று நேராகக் கேட்பவரைவிட, சுற்றி வளைத்துக் கேட்பவர் நாகரிகமானவர் என்று நமக்குள் ஓர் எண்ணம். கேட்கப்படுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்துக் கிராமத்துப் பையனோடு சேர்ந்து ஒரே தட்டில் சாப்பிடக் கூசுகிறவர் பெர்லினில் போய்ப் பழகிக் கிழிப்பார் என்று நான் நம்பவில்லை.

இனி வேலைக்கு வருவோம். ஐந்து பேர் மினி புராஜெக்ட். நான்கு பேர் தமிழ், ஒருவர் தெலுங்கு. ஆங்கிலத்தில் தொடங்கும் கூட்டம் மூன்றாவது நிமிடத்தில் தமிழுக்கு வழுக்கிவிடும். ஐந்தாமவர் போனைப் பார்க்கத் தொடங்குவார். இரண்டு வாரம் கழித்து "அவன் ஒண்ணும் செய்யல சார்" என்று நான்கு பேரும் சேர்ந்து புகார் சொல்வார்கள். அவருக்கு என்ன வேலை என்று முடிவானதே தமிழில்தான்.

இதற்கு நான் பரிந்துரைப்பது ஒரு சின்ன ஏற்பாடு. எந்த மொழியில் வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் தமிழ் குறைவாகத் தெரிந்தவருக்கு. என்ன முடிவு, யார் என்ன செய்யப்போகிறார்கள், எந்தத் தேதிக்குள் என்று அவர் வாயால் சொல்லவேண்டும். அன்று இரவுக்குள் அதை வாட்ஸ்அப் குழுவில் அவரே எழுதிப் போடவேண்டும். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் கூட்டம் முடியவில்லை என்று அர்த்தம். இன்னொன்று: "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அதற்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான், ஒரு தலையாட்டல். "முதல்ல என்ன பண்ணப் போறே?" என்று கேளுங்கள். புரிந்ததும் புரியாததும் அந்தப் பதிலில் வெளியே வந்துவிடும். பின்னாளில் போலந்துக்காரரோடும் வியட்நாம்காரரோடும் கணினித் திரையில் கூட்டம் போடும்போது இதே கேள்வி உதவும்.

அவர் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், பண்டிதராக வேண்டாம். சாப்பாடு, பஸ், எண்கள், நேரம் இவை போதும். முக்கியமாக உடம்பு சரியில்லாதபோது பேசும் வாக்கியங்கள். நள்ளிரவில் அறை நண்பருக்குக் காய்ச்சல் ஏறி, அவர் அம்மா போனில் தெலுங்கில் கேட்டால், நான்கு வாக்கியம் பதில் சொல்லத் தெரிந்திருப்பது பெரிய விஷயம். காய்ச்சலில் கிடப்பவருக்குப் பிறமொழியில் வலியைச் சொல்ல வராது. பதிலுக்கு அவருக்கு நீங்கள் தமிழ் கற்றுக்கொடுங்கள், டீக்கடையில் கடன் சொல்லும் அளவுக்கு.

அவருக்கு ஊர் சுற்றிக் காட்ட நினைத்தால் நல்ல வழி ஒன்று இருக்கிறது. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ஆமுக்தமால்யதா ஆண்டாளின் கதை. அது நடக்கும் ஊர் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு இங்கிருந்து திருப்பதிக்குப் போகிறது. மார்கழியில் ஆந்திர வீடுகளில் திருப்பாவையைத் தெலுங்கு எழுத்தில் படிக்கிறார்கள். இப்படி அவர் கதையும் நம் கதையும் பின்னிக் கிடக்கிற இடத்தில் பேச்சு தானாக வளரும். ஆனால் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். உங்கள் நண்பர் கிறிஸ்தவராக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம், சாமியே வேண்டாம் என்பவராக இருக்கலாம். கோயில் வாசல் என்றாலே தாத்தா காலத்து வேறு ஞாபகங்கள் வருகிற குடும்பத்திலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். அப்படியென்றால் பால்கோவா இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு மதம் கிடையாது.

அங்கிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். விஜயநகரக் காலத்தில் ஆந்திரப் பக்கமிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் இன்னும் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். அந்த ஊரின் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். பிறகு ஒடிசாவின் ஆளுநர். இன்று ஒடிசாவிலிருந்து ஆட்கள் ராஜபாளையம் நூற்பாலைகளுக்கு வேலைக்கு வருகிறார்கள். இன்டஸ்ட்ரியல் விசிட் போகும்போது இயந்திரத்தின் வேகத்தை மட்டும் குறித்துக்கொண்டு வராமல், ஒரு ஷிஃப்டில் எத்தனை மொழி பேசுகிறார்கள், எச்சரிக்கைப் பலகை எந்த எந்த மொழியில் இருக்கிறது, சூப்பர்வைசர் எப்படிப் புரியவைக்கிறார் என்றும் கேட்டு வாருங்கள். ஊருக்குத் திரும்பி எழுதும் அறிக்கையில் அந்த ஒரு பக்கம்தான் படிக்கிற மாதிரி இருக்கும்.

கண்ணைப் பார்த்துப் பேசுதல்

செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்று பி.டெக். நடத்தும் மிகச் சில நிறுவனங்களில் கலசலிங்கமும் ஒன்று. கேட்கும் மாணவர்கள் பலர் இதைச் சேவை விஷயமாகவே பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கவேண்டாம். சைகை மொழி பேசுகிறவர்களுக்குத் தனி மொழியும் தனிப் பழக்கவழக்கமும் உண்டு. உங்கள் வளாகத்திலேயே இன்னொரு பண்பாடு குடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் பேசும்போது கண்ணைத் தாழ்த்துவது நமக்கு மரியாதை. சைகையில் பேசுகிறவர் முன்னால் கண்ணைத் தாழ்த்தினால், காதைப் பொத்திக்கொண்டதற்குச் சமம். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட முடியாது. தோளில் மெல்லத் தட்டலாம், பார்வை படும் இடத்தில் கையசைக்கலாம், அறையென்றால் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடலாம். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் இருட்டாகிவிடும், உதடும் பாவமும் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் நடுவில் இருந்தால் அவரைப் பார்த்துப் பேசாதீர்கள், நண்பரைப் பார்த்துப் பேசுங்கள். ஜப்பானிய வாடிக்கையாளரோடு துபாஷி வைத்துப் பேசும் கூட்டத்திலும் இதேதான் விதி.

சைகை மொழி உலகத்துக்கெல்லாம் ஒன்று என்று நினைப்பவர்கள் அதிகம். அமெரிக்கரும் பிரிட்டிஷ்காரரும் ஒரே ஆங்கிலம் படித்தாலும் அவர்கள் சைகை மொழிகள் ஒன்றுக்கொன்று புரியாது. அமெரிக்கச் சைகைக்கு பிரெஞ்சுச் சைகைதான் நெருங்கிய சொந்தம். இந்தியச் சைகை மொழிக்குத் தனி ஆய்வு, பயிற்சி மையம் 2015-இல் டெல்லியில் அமைந்தது. அதன் அகராதி வீடியோக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு செமஸ்டரில் அறிமுகப் பேச்சுக்குத் தேவையானதைக் கற்றுவிடலாம். வீடியோவோடு நிறுத்தாமல் நண்பரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் என்னும் சிக்கல்

வெளிநாட்டுத் தொடர்பில் தமிழ் மாணவர் முதலில் தடுக்கி விழும் இடம் பெயர். சர்டிபிகேட்டில் "கே. முத்துலட்சுமி". பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதவேண்டும். வெளிநாட்டுப் படிவத்தில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கும். நமக்கு அது இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இருக்கவேண்டிய இடத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் முழுப்பெயரும் குடும்பப்பெயர் ஆகி, சொந்தப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று வந்து உட்கார்ந்துகொள்ளும். பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். ஆகவே இரண்டாம் ஆண்டிலேயே முடிவு செய்யுங்கள்: அப்பா பெயரோ அம்மா பெயரோ குடும்பப்பெயர் கட்டத்தில் போகட்டும், பிறகு எல்லா இடத்திலும் அதே வரிசை, அதே எழுத்துக்கூட்டல். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ் வைத்து, படிக்கும் ஊர் முகவரியிலேயே விண்ணப்பிக்கலாம்.

இந்தச் சிக்கலை நாம் மட்டும் அனுபவிக்கவில்லை. உங்கள் ஆந்திர நண்பருக்கு வீட்டுப்பெயர் முதலில், சொந்தப் பெயர் கடைசியில். முதல் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் குடும்பத்தையே கூப்பிடுகிறீர்கள். சீனர்களுக்கும் குடும்பப்பெயர்தான் முதலில். எத்தியோப்பியர்கள் நம்மைப்போல: தன் பெயர், அடுத்து அப்பா பெயர், குடும்பப்பெயர் கிடையாது. அதனால்தான் அவர்கள் பிரதமர் அபி அகமதை மரியாதையாகச் சொல்லும்போதும் அபி என்ற சொந்தப் பெயரையே சொல்கிறார்கள். ஐஸ்லாந்திலும் ஏறத்தாழ இதே வழக்கம். யாரைச் சந்தித்தாலும் "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். சொன்ன பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்லி உச்சரிப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரை அவர்களுக்காக "முத்து" என்று வெட்டிக்கொள்வது உங்கள் விருப்பம். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றில்லை.

திரை வழியே

வெளிநாட்டு மாணவர்களோடு இணையவழி புராஜெக்ட் செய்யும் வாய்ப்பு இப்போது பல துறைகளில் வருகிறது. எக்ஸ்சேஞ்சைவிட இதையே நான் மேலாக மதிக்கிறேன். பணம் வேண்டாம், விசா வேண்டாம், ஆனால் எல்லா உரசலும் உண்டு.

முதல் உரசல் கடிகாரம். ஜெர்மனி நமக்குக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தைத் திருப்புகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் வரும் வாரங்களில் மூன்று நாட்டுக் கூட்டம் வைத்தால் யாராவது ஒருவர் காலியான அறையில் உட்கார்ந்திருப்பார். நேரத்தை இந்திய நேரமும் அவர்கள் நேரமும் சேர்த்து எழுதுங்கள். விடுதியில் கரன்ட் போகும், வைஃபை போகும். அதை முதல் கூட்டத்திலேயே சொல்லி, போனால் என்ன செய்வது என்று மாற்றுவழி பேசிவையுங்கள். போன பிறகு சொன்னால் சாக்காகக் கேட்கும்.

இரண்டாவது, மறுப்பு. ஜெர்மானியரோ டச்சுக்காரரோ "இது சரிவராது" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அவர் சொன்னது உங்கள் வரைபடத்தைப் பற்றி, உங்களைப் பற்றியல்ல. ஜப்பானியர் "கொஞ்சம் கஷ்டம்" என்று இழுத்தால் பெரும்பாலும் அது முடியாது என்பதே. நமக்கு இது புதிதில்லை. கடன் கேட்டால் "பாத்துச் சொல்றேன்" என்பவர் தரமாட்டார் என்று நமக்குத் தெரியும். அதே பேச்சை ஜெர்மானியரிடம் பேசிவிட்டு, அவர் பத்து நாள் உங்கள் பதிலுக்குக் காத்திருந்தால் தவறு அவருடையதல்ல. நாட்டுக்கு நாடு இப்படிப் பொதுவாகச் சொல்வது தொடக்கத்துக்கு மட்டும்தான். சுற்றி வளைத்துப் பேசும் டச்சுக்காரரும் இருப்பார், பட்டென்று பேசும் ஜப்பானியரும் இருப்பார். ஆளைப் பார்த்ததும் பொதுவிதியைத் தூக்கி ஓரமாக வையுங்கள்.

மூன்றாவது, மெயில். "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி, முதல் பத்தி முழுக்க உங்கள் கல்லூரிப் பெருமை, கடைசியில் "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்". இதைப் பெறும் பேராசிரியருக்கு நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்றே தெரியாது. தலைப்பில் விஷயம். முதல் வரியில் யார், எந்த ஆண்டு. அடுத்து அவருடைய எந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எது உங்கள் வேலையைத் தொடுகிறது என்று மூன்று வரி. பிறகு ஒரே ஒரு கேள்வி. பெண் பேராசிரியரை "சார்" என்று எழுதிய மெயில்கள் நேராகக் குப்பைக்குப் போகும். அனுப்புமுன் அவர் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் துணையாக ஒரு நோட்டு. பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதலில் நடந்தது மட்டும்: "7.30 ஆனதும் பாதிப் பேச்சில் அழைப்பை முடித்தார்." இரண்டாவதில் எனக்குத் தோன்றியது: "திமிர்." மூன்றாவதில் வேறு என்ன காரணங்கள் இருக்கலாம், குறைந்தது இரண்டு: "அடுத்த கூட்டம் இருந்திருக்கும். சொன்ன நேரத்தைத் தாண்டாமல் இருப்பதுதான் அங்கே மரியாதையோ என்னவோ." பிறகு முடிந்தால் அவரையே கேட்டு, எது சரி என்று குறியுங்கள். இரண்டாவது பத்தி நாளாக ஆகச் சுருங்கி வருவதை நீங்களே பார்ப்பீர்கள். யாரிடமும் காட்டவேண்டியதில்லை, ஆசிரியர் மதிப்பெண் போடவும் கூடாது. போட்டால் எல்லோரும் நல்லவர்களாக எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

குழுவாகச் செய்ய விரும்புபவர்களுக்கு, யுனெஸ்கோ 2020-இல் வெளியிட்ட கதை வட்டம் என்னும் பயிற்சி இருக்கிறது. ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒரு கேள்விக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் தன் அனுபவத்தைச் சொல்லவேண்டும். இடையில் யாரும் பேசக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, "எனக்கும் இப்படித்தான்" என்று குறுக்கே விழக்கூடாது. நமக்கு இந்தக் கடைசி நிபந்தனைதான் சிரமம்.

உண்மையிலேயே கிளம்பினால்

இளநிலை மாணவர்களுக்கு ஜெர்மனியின் டாட் வைஸ், கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க், ஜப்பானின் சகுரா சயின்ஸ் ஆகிய திட்டங்கள் நாட்டம் உள்ளவர்கள் முயன்று பார்க்கவேண்டியவை. டாட் வைஸுக்கு ஜெர்மன் பேராசிரியர் ஒருவரின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். மேலே சொன்ன மெயில் அங்கேதான் வேலை செய்யும். 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் மாணவர்களை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது. தகுதியும் கடைசித் தேதியும் வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் அந்தந்த அமைப்பின் இணையதளத்தை மட்டும் நம்புங்கள். பணம் கட்டினால் "சர்வதேச மாநாட்டு"ச் சான்றிதழ் தருகிறோம், வீட்டிலிருந்தே வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் என்று வரும் விளம்பரங்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

போன முதல் இரண்டு வாரம் எல்லாம் அழகாக இருக்கும். பிறகு ஒருநாள் பஸ் சீட்டு எடுப்பதிலிருந்து ரொட்டி வாங்குவதுவரை எல்லாமே எரிச்சலாக வரும். மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-இலேயே இந்தக் கட்டங்களை எழுதிவைத்திருக்கிறார். அந்த எரிச்சல் நாட்களில்தான் தமிழ் அறைக்குள் போய் ஒளியத் தோன்றும். வாரத்தில் ஒருநாள் ஒளியலாம், தப்பில்லை. மற்ற நாட்களில் ஆய்வகத்துக்காரர்களோடு சாப்பிடுங்கள்.

கற்க வேண்டி ஊரைவிட்டுப் போவது இந்த வட்டாரத்துக்குப் பழைய பழக்கம். பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் சிவகாசியிலிருந்து கல்கத்தா போனார்கள், தீப்பெட்டித் தொழில் கற்க. அடுத்த ஆண்டு திரும்பி வந்து சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள். கல்கத்தாவைச் சுற்றிப் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ள அவர்கள் போகவில்லை. எதைக் கற்க வேண்டும் என்று தெரிந்து போனார்கள். நீங்களும் கிளம்புமுன் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், எதைக் கற்றுக்கொண்டு வரப்போகிறேன் என்று.

வேலைவாய்ப்பு நேர்காணலில் பன்னாட்டு அனுபவம் பற்றிக் கேட்பார்கள். "எனக்குப் பல பண்பாடுகளோடு பழகும் திறன் உண்டு" என்று ரெஸ்யூமேயில் எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர், படிக்கிறவருக்கு அது ஒன்றுமே சொல்லாது. நடந்ததை எழுதுங்கள்: ஐந்து பேர் குழு, மூன்று மொழி, ஒரு செவித்திறன் குறைந்த உறுப்பினர், இரண்டாவது வாரம் வேலைப் பங்கீட்டில் தகராறு, கூட்டக் குறிப்பை எழுதும் முறையை மாற்றினோம், புராஜெக்ட் குறித்த தேதியில் முடிந்தது. நேர்காணல் செய்பவர் தகராறைப் பற்றித்தான் முதலில் கேட்பார். அதற்கு முழுசாகப் பதில் சொல்லத் தயாராகப் போங்கள், உங்கள் பக்கத்து நியாயத்தை மட்டுமல்லாமல் மற்றவர் பக்கத்தையும் சேர்த்து.